சிங்கத் தலை, மீன் வால், சீன முத்திரை

கேள்வி: சிங்கப்பூர் போய் வந்த என் மருமகன் ஒரு டஜன் மெர்லயன் சாவிக்கொத்து வாங்கி வந்தார். பின்பக்கம் 'மேட் இன் சைனா'. அதே வாரம் மாலில் கிரேன் மெஷினில் (காசு போட்டால் இரும்பு நகம் இறங்கிப் பொம்மையைத் தூக்கும் விளையாட்டு) பேரன் பிடித்த கரடிப் பொம்மையிலும் அதே எழுத்து. காசை வாங்கிக்கொண்டு இப்படி ஏமாற்றலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: எங்கே செய்தது என்று பொருளின் முதுகிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இதில் ஏமாற்று எங்கே வந்தது? சிங்கத் தலையும் மீன் வாலும் கொண்ட அந்த மெர்லயனே 1964-ல் சுற்றுலாத் துறைக்காக வரையப்பட்ட இலச்சினைதான். உருவம் சிங்கப்பூருடையது, உலோகம் சீனாவுடையது. நீங்கள் கொடுத்த காசில் பெரும்பங்கு கடை வாடகைக்குப் போயிருக்கும்.

செஜியாங் மாகாணத்து யிவூ மொத்தச் சந்தையில் ஈஃபல் கோபுரமும் லண்டன் சிவப்பு பஸ்ஸும் உங்கள் மெர்லயனும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்கும். வளையம், சங்கிலி, பின் அட்டை எல்லாம் பொது. நடுவில் இருக்கும் உருவம் மட்டும் மாறும். துத்தநாகக் கலவையை 400 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே உருக்குவார்கள். சில நூறு உருப்படி என்றால் ரப்பர் வட்டு அச்சைச் சுழலவிட்டு நடுவில் ஊற்றினால் போதும், ஓரத்துக் குழிகளில் எல்லாம் உலோகம் ஓடி நிரம்பும். பல்லாயிரம் என்றால்தான் எஃகு அச்சுக்குச் செலவழிப்பார்கள். வார்த்ததை உடைத்தெடுத்து, கல்லோடு உருட்டிப் பிசிறு நீக்கி, முதலில் தாமிர முலாம், அதன்மேல் நிக்கல். பள்ளங்களில் ஊசிக்குழலால் வண்ணம் விட்டு அடுப்பில் வாட்டுவார்கள்.

கெடுவது இரண்டு மூன்று இடத்தில். வார்க்கும்போது உள்ளே காற்று சிக்கினால், வாட்டும் சூட்டில் முலாம் கொப்பளிக்கும். தாமிரப் பூச்சில் கஞ்சத்தனம் செய்தால் ஆறு மாதத்தில் சிங்கத்தின் மூக்கு உரியும். சன்னக் கம்பியில் வளையம் போட்டிருந்தால் சாவி நடுத்தெருவில் விழும். வளையத்தின் வாயை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் வீட்டுச் சாவியை அதில் மாட்டாதீர்கள்.

கரடிக்கு வருவோம். பிளாஸ்டிக் பொம்மை என்றால் குவாங்டோங்கில் ஷான்டோ பக்கத்துச் செங்காய், பஞ்சுப் பொம்மை என்றால் ஜியாங்சுவில் யாங்ஜோ என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் காசு போட்ட மெஷின்கூட குவாங்ஜோவின் பான்யூவில் செய்ததாக இருக்கலாம். பல மெஷின்களில் எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை நகம் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று உரிமையாளரே எண் வைக்க வழி உண்டு. (இதைப் பேரனிடம் சொல்ல வேண்டாம்.)

கரடியின் துண்டுகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, முதுகில் ஒரு வாய் விட்டுத் திருப்பி, குழாய் வழியே பாலியஸ்டர் பஞ்சை ஊதி நிரப்புவார்கள். அந்த வாயைக் கையால்தான் தைத்து மூட வேண்டும். கூலி ஏறினால் முதலில் வலிப்பது இங்கேதான். பஞ்சுப் பொம்மை வேலையில் ஒரு பகுதி வியட்நாம் பக்கம் நகர்ந்ததற்கான காரணங்களில் இந்தத் தையலும் ஒன்று. கடைசியில் உலோகம் கண்டறியும் மெஷினுக்குள் ஓட விடுவார்கள், உடைந்த ஊசி முனை உள்ளே தங்கிவிடக் கூடாது என்பதற்காக.

மெஷினில் போடும் பரிசுப் பொம்மைக்கு விலையை முதலில் வைத்துவிட்டுப் பிறகுதான் பொம்மையை வடிவமைப்பார்கள். ஜப்பானில் ஒரு பரிசின் சில்லறை மதிப்பு சுமார் 800 யென்னைத் தாண்டக் கூடாது என்று இருந்ததை 2022-ல் 1,000 யென் ஆக்கினார்கள். அந்த வரம்புக்குள் அடக்கத்தான் துண்டுகளைக் குறைப்பதும், ரோமத்தைக் குட்டையாக்குவதும், கால்களில் பஞ்சைத் தளர்த்துவதும்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இறக்குமதிக்கும் சேர்த்து. ஆகவே கரடியின் துணி லேபிளில் தேட வேண்டியது 'சைனா' என்ற சொல்லை அல்ல, ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணையும். எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்தால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று தெரியும். முத்திரையே இல்லை என்றால் மால்காரரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை அதன் பதிவுபெற்ற கலைஞர் செய்து விற்றால் அதற்கு இந்த விதியில் விலக்கு உண்டு. அதில் முத்திரையைத் தேடிச் சண்டை பிடிக்காதீர்கள்.

பேரனுக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். கரடியின் கண்ணும் மூக்கும் நூலால் தைத்ததா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கண்ணை 90 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒன்பது கிலோ விசையில் பத்து வினாடி இழுத்துப் பார்ப்பது ஐரோப்பியச் சோதனை. உள்ளே வாஷர் போட்டுப் பூட்டிய கண் தாங்கும், பசையால் ஒட்டிய மூக்கு தாங்காது. நீங்கள் இழுக்கும்போது கண்ணோ மூக்கோ கையோடு வந்துவிட்டால், இன்னொன்று பிடித்துத் தருகிறேன் என்று சமாதானம் சொல்லிக் கரடியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள்.