மாத்திரையும் தவிட்டுக்குருவியும்

வணக்கம் சார்,

திருநெல்வேலியில் இருக்கிறேன். சில வருடங்களாக டிப்ரெஷனுக்கு மாத்திரை எடுக்கிறேன். விடிகாலை மூன்றரை, நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. போன வருடம் அப்படி ஒருநாள் மொட்டைமாடிக்குப் போனபோது இருட்டில் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கரிச்சான் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து பறவை பார்க்கிறேன். பார்க்கும் நேரம் மனசு கொஞ்சம் லேசாகிறது.

ஒரு குழுவிலும் சேர்ந்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் எல்லோரும் இருநூறு இனம், முன்னூறு இனம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அறுபதைத் தாண்டவில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூப்பிட்டால் அன்றைக்குப் பார்த்துக் கட்டிலை விட்டு எழவே முடிவதில்லை. அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி. வீட்டிலோ, "குருவி பார்த்தாலே சரியாகுதே, மாத்திரை எதுக்கு?" என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? இதெல்லாம் வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடுவதுதானா? கடைசியாக, எந்த பைனாகுலர் வாங்கலாம்? எனக்குக் கை லேசாக நடுங்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். உங்களால் மாடிப்படி ஏற முடிந்ததிலேயே அந்த மாத்திரைக்குப் பங்கு இருக்கலாம் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். விடிகாலை முழிப்பும் இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்றுதான். அது இன்னும் தொடர்கிறது என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று. இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு தலைகாட்டினால், அந்த நேரத்தில் பைனாகுலரைத் தேடாதீர்கள், 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச எண், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பறவையால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2022-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 1,300 பேரிடம் கைபேசிச் செயலி வழியாக, ஒரு நாளில் பல தடவை, இப்போது பறவையைப் பார்க்கிறீர்களா, குரல் கேட்கிறதா, மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பறவையைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேலாக இருந்திருக்கிறது, அது எட்டு மணி நேரம் வரைகூட நீடித்திருக்கிறது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இதைக் கண்டார்கள். சுற்றியிருந்த மரம், செடி, தண்ணீர் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பறவைக்கென்று ஒரு பங்கு மிஞ்சியது. ஆனால் கவனியுங்கள், எட்டு மணி நேரம்! எட்டு மணி நேரம் என்பது ஆறுதல். நோய் தீர்வது வேறு விஷயம். நாலு மணிக்கு விழிக்கிற ஒருவருக்கு மத்தியானம் வரை தாக்குப்பிடிக்க ஏதோ கிடைக்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த அறுபதுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். மனச்சோர்வு எதைத் தொட்டாலும் அதைப் பரீட்சை ஆக்கிவிடும். சமையல், குளியல், போன் எடுப்பது, எல்லாவற்றிலும் நமக்கு நாமே மார்க் போட்டுக் குறைத்துக்கொள்வோம். இப்போது பறவையிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்குத் தோதாக, பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்ட் செயலியில் தரவரிசை வேறு போடுகிறார்கள். யார் எத்தனை இனம் பார்த்தார்கள் என்று. இ-பேர்டைக் குறை சொல்லவில்லை. நம் ஊர்ப் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று தெரிவதே அப்படி ஆயிரக்கணக்கானோர் பதிகிற கணக்கில்தான். ஆனால் அது பறவைகளுக்கான கணக்கு. உங்களை அளக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். முடியாத நாட்களில் செயலியைத் திறக்கவே வேண்டாம். கூந்தன்குளத்து வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது, நீங்கள் வந்தீர்களா என்று அது எண்ணப்போவதில்லை. அடுத்த பனிக்காலத்திலும் வரும்.

உங்களுக்கு இப்போதைக்கு மொட்டைமாடி போதும் என்பேன். ஒரே இடம், பழகிய பறவைகள். தவிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்கள் யாரும் அதற்காக கேமராவைத் தூக்குவதில்லை. அழுக்குப் பழுப்பு நிறம், வெளிறிய கண், எந்நேரமும் வீட்டுச் சண்டை போல ஒரு இரைச்சல். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஆறேழு பறவைகள் சருகைப் புரட்டிப் பூச்சி தேடும்போது பெரும்பாலும் ஒன்று மட்டும் உயரத்தில் உட்கார்ந்து காவல் பார்க்கும். வல்லூறு நிழல் தெரிந்தால் அது ஒரு குரல் கொடுக்கும், மொத்தக் கூட்டமும் புதருக்குள். வெயில் ஏறியதும் மதில் மேல் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்காரும். ஒன்று தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டும், பக்கத்தில் இருப்பது அலகால் கோதிவிடும். தன் அலகு எட்டாத இடம் அது. அப்புறம் இது சாயும், அது கோதும். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிற அந்தப் பேச்சு சற்று நின்றுவிடும். 'ஏன் இப்படி இருக்கிறேன்' என்ற கேள்வியின் இடத்தில் 'அடுத்து எது சாயப்போகிறது' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதைத் தப்பித்து ஓடுவது என்று எப்படிச் சொல்வது? நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மாடியேறி மதிலைப் பார்க்கிறார் என்றால், எந்தத் திசையில் போகிறார்? மனநல சிகிச்சையிலேயே இதற்கு நெருக்கமான ஒரு முறை உண்டு. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒரு காரியத்தை முன்கூட்டியே குறித்துவைத்துச் செய்வது. விருப்பம் பிறகு வரும், வராவிட்டாலும் காரியம் நடந்திருக்கும். உங்கள் மருத்துவரிடம் மாடியைப் பற்றிச் சொல்லுங்கள், அவரும் இதைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளக்கூடும்.

குழுவை விட வேண்டாம். "நான் எண்ண மாட்டேன், சும்மா வருவேன், சில நாள் வரமாட்டேன்" என்று ஒருவரிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் காரணம் தேடுகிற வேலை மிச்சம். தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது, எண்ணுகிறவர் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளவும் ஆள் வேண்டியிருக்கும். நன்றாக இருக்கிற நாளாக அமைந்தால் அதற்குப் போகலாம்.

பைனாகுலர்: 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 10x50 என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். உருப்பெருக்கம் கூடக் கூட, கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், எடையும் அதிகம். இரண்டு முழங்கையையும் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் பிம்பம் நிற்கும். நடுக்கம் சில மாத்திரைகளின் பக்க விளைவாகவும் இருக்கும், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால், கண்ணாடியோடு வைத்துப் பார்த்தும் முழு வட்டம் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.