காப்பகத்தில் கைக்குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சென்னையில் பன்னிரண்டு வருடமாக வீட்டில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். எங்கள் பகுதியில் குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. வீடு இல்லாமல் வந்தவர்களும் உண்டு, வீட்டில் அடி தாங்காமல் குழந்தையோடு வந்த பெண்களும் உண்டு. சனிக்கிழமை ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தரக் கேட்டார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை பதினோரு பேர். முதல் வகுப்பு சொதப்பிவிட்டது. கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையை எளிமையாக்கிப் பாடினேன். இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் வெளியே ஓடினான், அம்மாக்கள் சுவரோரமாக உட்கார்ந்து செல்போன் பார்த்தார்கள். பத்து ஜோடி ஜால்ரா வேறு வாங்கி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வகுப்பு எல்லோருக்கும் அப்படித்தான் போகும். என் முதல் வகுப்பில் ஒரு குழந்தை சுருதிப் பெட்டி மேலேயே பால் கக்கியது. அதனால் கவலை வேண்டாம். ஆனால் ஒன்றை மாற்றியாக வேண்டும். உங்கள் மாணவர் குழந்தை இல்லை, சுவரோரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் நீங்கள் அந்தக் குழந்தையோடு இருப்பீர்கள். குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும், ராத்திரி அழும்போதும் இருப்பது அம்மா. அதோடு, இது காப்பகம். வாடகைக்கு வீடு கிடைத்தாலோ, சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போனாலோ, அடுத்த சனிக்கிழமை அந்தக் குழந்தை அங்கே இருக்காது. ‘போன வாரம் விட்ட இடத்திலிருந்து’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஒவ்வொரு வகுப்பும் தனியாக முழுமையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற அம்மாவும் ஒரு பாட்டையாவது கையோடு எடுத்துப் போக வேண்டும்.

சரளி வரிசையை மூட்டை கட்டி வையுங்கள். ஐந்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரமும் வேண்டாம். இருபத்தைந்து நிமிடம் போதும், முப்பதைத் தாண்டாதீர்கள். எந்த நேரம் என்பதைக் காப்பாளரிடமும் அம்மாக்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்கலாம். சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும் நேரத்தில் பாட்டு வகுப்பு வைத்தால் நானே உட்கார மாட்டேன்.

சுருதி விஷயத்தில் பாடகிகள் வழக்கமாகச் செய்கிற தவறு ஒன்று உண்டு. நீங்கள் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, சாதாரணமாகத் தொடுவீர்கள். பாடிப் பழகாத அம்மா அங்கே குரல் எட்டாமல் நிறுத்திவிடுவார், அதோடு ‘எனக்குப் பாட வராது’ என்று முடிவும் கட்டிவிடுவார். அதனால் எந்த மெட்டும் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரைக்குள், ‘ஸ’ முதல் ‘ப’ வரை, அடங்கட்டும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வேண்டாம். உட்காரும் இடமும் முக்கியம். முன்னால் தனியாக உட்காராதீர்கள். பாயில் வட்டமாக எல்லோரும் உட்கார்ந்து, குழந்தைகள் அம்மா மடியில் இருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மாதான் செல்போனை எடுப்பார். மடியில் குழந்தையும் கைக்கு ஒரு வேலையும் இருந்தால் எடுக்க மாட்டார்.

ஆறு மாதமும் மூன்று வயதும் ஒரே அறையில் என்றால் என்ன பாடுவது? நம் புலவர்கள் இதை எப்போதோ பிரித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாத வாக்கில் கையை ஊன்றித் தலையசைத்தால் செங்கீரை. ஒன்பது மாதத்தில் கை தட்டினால் சப்பாணி. ஒரு வயதில் தளிர்நடை போட்டு வந்தால் வருகை. கொஞ்சம் விவரம் தெரிந்ததும் நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. பாட்டு ஒன்றே இருக்கட்டும், செய்கை வயதுக்குத் தக்கபடி மாறட்டும். கைக்குழந்தையை அம்மா மடியில் ஆட்டுவார், ஒன்பது மாதக் குழந்தையின் இரு கையையும் பிடித்துத் தட்டுவார், இரண்டு வயதுக்காரன் வட்டத்துக்குள் நடப்பான்.

தாளத்துக்குச் சேர்ந்து ஆடுவது வெறும் விளையாட்டு இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பதினான்கு மாதக் குழந்தைகளைத் தூக்கிவைத்துப் பாட்டுக்குத் துள்ளவிட்டார்கள். எதிரே நின்ற ஆய்வாளரும் அதே தாளத்தில் துள்ளினார். அப்புறம் அவர் தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்க, தாளம் தப்பித் துள்ளியவர்களுக்கு உதவியதைவிட, குழந்தைகள் அதிகமாக முன்வந்தார்கள்.

தொடக்கப் பாட்டையும் முடிவுப் பாட்டையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். எதுவுமே நிலையில்லாத இடத்தில், ‘இது வந்தால் அடுத்து இது’ என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்திருப்பது பெரிய விஷயம். தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வைத்து இரண்டு வரி பாடுங்கள். எந்தப் பெயரை வைப்பது என்று அம்மாவிடம் கேளுங்கள், பதிவேட்டைப் பார்க்காதீர்கள். சிலர் இங்கே உண்மைப் பெயரைச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கும், நாம் கேட்க வேண்டாம். எப்படி இங்கே வந்தீர்கள் என்றும் கேட்கக் கூடாது. குழந்தையைத் தூக்குவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாட்டு வரிகளிலும் கவனம் வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நம் தாலாட்டுகளில் ‘யார் அடித்து அழுகிறாய்’ என்று கேட்டு, அத்தை அடித்தாளோ, மாமன் அடித்தானோ, பூச்செண்டால் அடித்தார்களோ என்று அடுக்கிக்கொண்டே போகும் வகை உண்டு. எத்தனையோ வீடுகளில் பாடியிருக்கிறேன். ஒரு காப்பகத்தில் இரண்டாவது அடியைத் தொடங்கியதும், வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட்டார். அவர் நெற்றியில் இருந்த தையலை அப்போதுதான் பார்த்தேன். அதிலிருந்து ‘யார் அடித்து’ என்ற இடத்தில் ‘யார் வந்து பார்த்தார்’ என்று பாடுகிறேன். மெட்டுக்கும் பொருந்துகிறது. அப்பா என்ன வாங்கி வருவார் என்கிற மாதிரிப் பாட்டுகளையும் அங்கே தவிர்த்துவிடுவேன்.

திடீர்ச் சத்தமும் அப்படித்தான். அடிதடி பார்த்து வளர்ந்த குழந்தை, ஓங்கித் தட்டினால் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் எழுந்து ஓடும். ஓடிய பையனைத் துரத்தாதீர்கள். கதவைத் திறந்தே வையுங்கள், அவனுக்கு வேண்டியவர் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் நின்றால் போதும்.

எல்லா அம்மாக்களுக்கும் தமிழ் தெரிந்திருக்காது. சென்னையில் தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுகிற அம்மாக்களும் வருவார்கள். குழந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில், அதுவரை கேட்டே இராத துருக்கி மொழிப் பாட்டைக் கேட்ட ஒரு வயது நிரம்பாத குழந்தைகள், சராசரியாக ஒன்பது நிமிடம் போல அழாமல் இருந்தார்கள். கொஞ்சிப் பேசியபோது அது நாலு நிமிடம்தான். அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரு அம்மாவிடம், ‘உங்கள் ஊரில் தூங்கவைக்க என்ன பாடுவார்கள்?’ என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார். ‘ராரோ’ என்றோ ‘ஜோ ஜோ’ என்றோ ஒரு வரி வந்தால் போதும், அதையே எல்லோரும் சேர்ந்து நாலு தடவை பாடுங்கள். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் கார்னகி ஹால் என்ற இசை அரங்கம் 2011-ல் தொடங்கிய தாலாட்டுத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். கலைஞர்கள் கூட உட்கார்ந்து உதவ, அம்மாவே தன் குழந்தைக்குத் தாலாட்டு கட்டுவார். மருத்துவமனையில் தொடங்கி, காப்பகங்களுக்கும் சிறைகளுக்கும் போனது. உங்களுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. குழந்தையின் பெயர், அதற்குப் பிடித்த ஒரு பொருள், அம்மாவின் ஒரு ஆசை, இந்த மூன்றையும் உங்களுக்குத் தெரிந்த ஒரு மெட்டில் போட்டால் பாட்டு ரெடி.

பாடாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தையைக் கண்டு மனம் தளராதீர்கள். ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் மூன்று வாரம் அம்மாவின் முந்தானையை விட்டு வெளியே வரவில்லை. நாலாவது வாரம் அங்கிருந்த ஆயாம்மா சொன்னார்: ‘தினமும் குளிக்கிறப்போ வாளிமேல குவளையைத் தட்டி உங்க பாட்டைத்தான் பாடுறான், வார்த்தைதான் ஒண்ணும் புரியலை.’

சாமான்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எல்லாமே வாய்க்குத்தான் போகும். அரிசியோ பயறோ போட்டு மூடிய பாட்டில், தளர்ந்த சலங்கை, மணி கோத்த கயிறு, எதுவும் வேண்டாம். மூடி கழன்றால் மூச்சடைத்துவிடும். எவர்சில்வர் டம்ளர், மரக் கரண்டி, பருத்தித் துண்டு போதும். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். செல்போனில் பாட்டு வீடியோ போட்டுக் காட்டவும் வேண்டாம், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. போட்டோவும் எடுக்காதீர்கள், ஸ்டேட்டஸும் போடாதீர்கள். பின்னால் தெரிகிற ஒரு ஜன்னலை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து வந்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், அந்த ஜால்ரா. கான்கிரீட் ஹாலில் பத்து ஜோடி சேர்ந்து அடித்தால் பெரியவர்களுக்கே காது வலிக்கும், கயிறு வேறு குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். ஒரு ஜோடியை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, முடிவுப் பாட்டுக்கு முன் மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள். மீதியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துக்கொண்டால் அந்தப் பணத்தில் பெரிய கோரைப்பாய் இரண்டு வாங்கிவிடுங்கள்.