வாய்க்கால் சுவரில் ரோஸ் நிற முட்டை: நம்ம நத்தையா, வந்தேறியா?

கேள்வி: புதுச்சேரி பாகூர் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி சம்பா நட்டு பன்னிரண்டு நாள் ஆகிறது. மடை ஓரம் நாற்று அடியோடு அறுந்து மிதக்கிறது. வாய்க்கால் சிமெண்ட் சுவரில் தண்ணீருக்கு மேலே ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை. உப்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம். கடலோர மண், ஏற்கெனவே உப்போடு மல்லுக்கட்டுகிறது. நத்தை வாய்க்காலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும், கெடுவது உங்கள் வயல்தான்.

முதலில் அது எந்த நத்தை என்று பாருங்கள். குழம்பு வைக்கிற நம்ம வயல் நத்தை, கரை ஓர ஈரமண்ணுக்குள் வெள்ளை முட்டை இடும். அதன் வாய்மூடி, அதாவது ஓட்டின் வாயை அடைக்கும் தகடு, சுண்ணாம்பு போலக் கெட்டி. உங்கள் நத்தையின் மூடி நகம் மாதிரி மெலிசாகப் பழுப்பாக வளைந்தால் அது தென்னமெரிக்க இனம். இதில் இரண்டு வகை உண்டு. மீன்தொட்டிக் கடைகளில் மஞ்சளாக விற்பது பெரும்பாலும் அழுகிய இலையைத் தின்னும், பயிருக்கு அவ்வளவு மோசமில்லை. இன்னொன்று தங்க ஆப்பிள் நத்தை. 1980 வாக்கில் சாப்பிடுவதற்காகத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். விற்காமல் போய் வாய்க்காலில் விட, மற்ற நாடுகளுக்கும் பரவி, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நெல் வயல்கள் பட்ட பாடு பெரிய கதை. அதன் ஓட்டுச் சுருள்கள் சேரும் இடத்தில் ஆழமான பள்ளம் இருக்கும். முட்டையின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாற்று அறுபடுவதைக் கேட்டால் எனக்கும் சந்தேகம் இரண்டாவது மேல்தான்.

எதுவானாலும் இன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கலாம். வயல் தண்ணீரை வடித்து இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு வையுங்கள். தண்ணீர் குறைந்தால் அது நகர முடியாது, தின்னவும் முடியாது. வயலுக்குள் சின்ன வாய்க்கால் ஒன்று இழுத்துவிட்டால் நத்தை அதில் வந்து கூடும். பப்பாளி இலை போட்டால் இன்னும் சீக்கிரம் கூடும். காலையிலும் மாலையிலும் பொறுக்குங்கள். கையுறை போடுங்கள், முட்டையில் நஞ்சு உண்டு. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும், அதனால் சுரண்டி நசுக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். மடையில் கம்பி வலை கட்டுங்கள்.

வாத்து நல்ல ஆள்தான், ஆனால் இப்போது விட்டால் நாற்றை மிதித்துவிடும். நட்டு முப்பது நாள் கழித்து விடுங்கள். அதற்குள் தண்டும் முற்றிவிடும், நத்தைக்குப் பல் பதியாது. அடுத்த முறை சேறடிக்கும்போதே வாத்தை இறக்கி, இருபத்தைந்து நாள் நாற்றாக நடுங்கள். நேரடி விதைப்பு மட்டும் செய்துவிடாதீர்கள். பொறுக்கியதை, எந்த நத்தையானாலும், பச்சையாக யாரும் தின்னக்கூடாது. அதில் இருக்கக்கூடிய எலி நுரையீரல் புழு மூளைக் காய்ச்சல் வரை கொண்டுவரும்.

நாலைந்து நத்தையைக் கொதிநீரில் போட்டுக் கொன்று, மூடி கழலாமல், முட்டைக் கொத்தின் படத்தோடு குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். உயிரோடு எடுத்துப்போக வேண்டாம், வழியில் தவறி விழுந்தால் இன்னொரு வாய்க்கால் போச்சு.