அப்பாவின் மாத்திரை

ஐயா,
தலைவலி மாத்திரைக்குத் தலைக்குப் போகும் வழி எப்படித் தெரிகிறது? உயிரணுக்களில் உள்ள ஏற்பிகளும் நம் ஆசான்மார் சொல்லும் வர்மப் புள்ளிகளும் ஒன்றுதானா? அப்பா பல வருடமாக அட்டெனலால் சாப்பிட்டார். பிரஷர் சரியாகிவிட்டதால் முந்தாநாள் நிறுத்திவிட்டோம். இப்போது கஷாயம் மட்டும்தான்.
— ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள தம்பி,

மாத்திரைக்கு வழி தெரியாது. ரத்தம் போகிற இடமெல்லாம் போகும். பொருந்துகிற இடத்தில் ஒட்டும். உயிரணுவில் அப்படி ஒட்டுகிற இடங்களில் ஒரு வகைதான் ஏற்பி. வர்மம் வேறு பேச்சு, இதில் கலக்க வேண்டாம்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். இந்த வாரம் எங்கள் மாமாவின் திவசம். திங்கள்சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நெஞ்சுவலிக்காக இதே மாத்திரையைச் சாப்பிட்டு நன்றாக இருந்தவர், "சுகமானவனுக்கு எதுக்கு மருந்து?" என்று ஒரே நாளில் விட்டார். அந்த வாரமே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டார். நிறுத்தியதுதான் காரணமென்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் நான் படித்ததெல்லாம் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதயத்தில் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. உடம்பே சுரக்கும் அட்ரினலின் அவற்றில் ஒட்டினால் துடிப்பு ஏறும். ஜேம்ஸ் பிளாக் என்ற மருந்தியல் அறிஞர் 1960களில் ப்ராப்ரனலால் என்ற மருந்தை உருவாக்கியது அந்த இடத்தை அடைக்கத்தான். 1988இல் நோபல் பரிசு பெற்றார். அட்டெனலாலும் அதே குடும்பம். ஆனால் இதயம் சும்மா இருப்பதில்லை. குரல் சரியாகக் கேட்காதவன் காதைக் கூர்மையாக்குவதுபோல, நாள்பட நாள்பட ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் மருந்து ஓரிரு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். கூடுதலாக முளைத்த ஏற்பிகள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வழக்கமான அட்ரினலினே அப்போது அத்தனை ஏற்பிகளிலும் ஒட்டும். படபடப்பு, பிரஷர் ஏற்றம். இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். அதனால்தான் மருத்துவர்கள் இந்த மாத்திரையை ஒன்றிரண்டு வாரத்தில் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துகிறார்கள்.

பிரஷர் சரியாக இருந்தது மாத்திரை சாப்பிட்டதால். அதையே நிறுத்தக் காரணமாகச் சொல்கிறீர்களே, படித்த பிள்ளைதானே நீங்கள்? யாரைக் கேட்டீர்கள்?

கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் பெயரையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். இன்றே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை ரப்பர் வெட்டவோ சுமை தூக்கவோ விடாதீர்கள். நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

தலைவலி மாத்திரைகளில் பல ஏற்பியையே தொடுவதில்லை, உடம்பின் வேதிவினைகளை நடத்தும் நொதியைத் தடுக்கின்றன. அதைப் பிறகு பேசுவோம். மருத்துவர் என்ன சொன்னார் என்று இன்று ராத்திரியே எழுதுங்கள்.