மகள் ரேடியோ டாக்குமென்டரி செய்கிறாள்: தடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: என் மகள் இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. டாக்குமென்டரி செய்கிறேன் என்று பாதி நாள் கல்லூரி வானொலியிலேயே கிடக்கிறாள். வீட்டுக்கு வந்தாலும் காதிலிருந்து ஹெட்போன் இறங்குவதில்லை. பத்து நிமிஷ நிகழ்ச்சிக்கு மாசக்கணக்கில் உழைப்பு! மதிப்பெண் வேறு குறைகிறது. இதை நம்பி வேலைக்குப் போக முடியுமா? இப்போதே நிறுத்தச் சொல்லிவிடலாமா?

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா. அதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேளுங்கள்: "இதுவரை முழுசாக முடித்த நிகழ்ச்சி எது? எனக்குப் போட்டுக் காட்டு." ஒன்றாவது இருந்தால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. எல்லாமே 'இன்னும் எடிட்டிங்கில் இருக்கிறது' என்றால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

வானொலி என்றதும் பெற்றோருக்கு ஆர்.ஜே.தான் நினைவுக்கு வருவார். உங்கள் மகள் செய்வது அந்த வேலை இல்லை. அவள் தயாரிப்பாளர். முடிந்த நிகழ்ச்சியில் அவள் குரல் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். யாரைத் தேடிப்போய்ப் பேச வைப்பது, என்ன கேட்பது, எதை வெட்டுவது, எதற்குப் பிறகு எதை வைப்பது என்ற முடிவுகள் அவளுடையவை. பேச்சுத் திறமை இல்லாத பிள்ளைகள்கூட இதில் நன்றாக வருவார்கள். சொல்லப்போனால், வாயாடிகளைவிடக் காது கொடுத்துக் கேட்பவர்களுக்கே இது ஒத்துவருகிறது.

பத்து நிமிஷத்துக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்கிறீர்கள். ஒரு மணி நேரப் பேட்டியை வார்த்தை வார்த்தையாகக் கையால் எழுதி எடுக்க நாலு மணி நேரம்கூடப் பிடிக்கும். அப்படி நாலைந்து பேர் பேசியதிலிருந்து பத்து நிமிஷத்தைப் பொறுக்க வேண்டும். ஒரு மாணவன் மருத்துவமனை இரவுப் பணியாளர்களைப் பற்றிச் செய்த நிகழ்ச்சியின் முதல் வடிவத்தைக் கேட்டேன். "இரவுப் பணியாளர்களின் வாழ்க்கை சவால்கள் நிறைந்தது" என்று அவனே கணீரென்று ஆரம்பித்திருந்தான். ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. அவன் பதிவு செய்து வைத்திருந்த கோப்புகளின் நடுவே ஸ்ட்ரெச்சர் சக்கரம் கீச்சிடும் ஓசையும், அதைத் தள்ளுகிறவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியும் கிடந்தன: "சத்தத்தை வெச்சே சொல்லுவேன் தம்பி, இது மூணாம் நம்பர் வண்டி." கடைசி வடிவம் அந்தக் கீச்சொலியில் தொடங்கி நேரே அந்த வரிக்குப் போனது. தன் குரலைத் தானே வெட்டிப்போட ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இந்த நேரத்தில் அவள் கற்க வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்; நேர் எதிரே பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வந்து அடிக்கும். எதிரே இருப்பவர் பேசும்போது 'ம்... ம்...' கொட்டாமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும், பிறகு அந்த 'ம்'மைப் பிரித்தெடுக்க முடியாது. "உங்கள் பணி பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மேடைப் பேச்சுதான் வரும், "வேலைக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டால் கதை வரும். கிளம்புமுன் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுப் போடுவது அதை வைத்துத்தான். மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிற இன்னொன்று, பேசுகிறவரின் சம்மதம். எங்கே ஒலிபரப்பாகும் என்று சொல்லி, அவர் சரி என்பதையும் பதிவிலேயே வைத்துக்கொள்ளட்டும். பின்னணிக்குச் சினிமாப் பாட்டை எடுத்துப் போடும் பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் நிகழ்ச்சியை வெளியே எங்கும் அனுப்ப முடியாது.

கருவிக்காகக் கடன் வாங்காதீர்கள். 1951-இல் ஸ்டீஃபான் குடெல்ஸ்கி என்ற பொறியாளர் 'நாக்ரா' என்ற டேப் ரெக்கார்டரை முதன்முதலில் உருவாக்கிய காலத்தில், தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒலிப்பதிவுக் கருவி என்பதே பெரிய விஷயம். இன்று கைபேசியும் ஒரு சாதாரண மைக்கும் இருந்தால் பழகுவதற்குப் போதும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தர அளவில் பதிவு செய்யும் பழக்கம் வந்துவிட்டால், நாளை எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் தடுமாற மாட்டாள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். டாக்குமென்டரி மட்டுமே செய்யும் நிரந்தர வேலை குறைவு. இதை மறைத்துப் பேசும் ஆலோசகரை நம்பாதீர்கள். பெரும்பாலானோர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகச் சம்பளம் பேசி வேலை செய்கிறவர்கள்; மாத வருமானம் சீராக இருக்காது. ஆனால் கைத்தொழில் பல இடங்களில் செல்லுபடியாகிறது: பாட்காஸ்ட் தயாரிப்பு, ஒலிப்புத்தகம், செய்தி நிறுவனங்களின் ஒலிப்பிரிவு, அருங்காட்சியகங்களின் ஒலி வழிகாட்டி, வாய்மொழி வரலாற்றுத் திட்டங்கள், திரைப்படத்தில் வசன எடிட்டிங். இங்கெல்லாம் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே "செய்ததைக் கொடு, கேட்கிறோம்" என்பார்கள். அதனால்தான் முடித்த நிகழ்ச்சியைப் பற்றி முதலிலேயே கேட்கச் சொன்னேன். 1948-இல் தொடங்கிய பிரீ இத்தாலியா போன்ற சர்வதேசப் பரிசுகளில் வென்ற நிகழ்ச்சிகளைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். தன் வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று அவளுக்கே புரியும்.

மதிப்பெண்ணுக்கு ஒரு ஒப்பந்தம் போடுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரே நிகழ்ச்சி, பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், முடிக்கும் தேதியை அவளே காலண்டரில் குறிக்கட்டும். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் ஹெட்போன் அலமாரியில் இருக்கட்டும். பட்டத்தைப் பாதியில் விடுவதற்கு மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி சம்பளம் வாங்கும் தொழிலில், வருமானம் தட்டுகிற மாதங்களில் அந்தப் பட்டம்தான் வேறு வேலை வாங்கித் தரும்.

அடுத்து அவள் ஒலித் தயாரிப்புக்கென்று தனிப் படிப்பு கேட்பாள். தோற்றமும் கட்டடமும் பார்த்துச் சேர்க்காதீர்கள். அங்கே படித்து முடித்தவர்கள் செய்த நிகழ்ச்சிகள் இரண்டைக் கேட்கத் தரச் சொல்லுங்கள். தரத் தயங்குகிற இடத்தில் கட்டணம் கட்ட வேண்டாம்.