வாண்டாவிஷன் கடைசி எபிசோட் ஏன் சப்பென்று முடிந்தது? (கேள்வி பதில்)

கே: மார்வலோட வாண்டாவிஷன் தொடர்ல ஒன்பது எபிசோடில் முதல் ஏழெட்டு அவ்வளவு புதுசா இருந்துச்சு. கடைசியில வானத்துல ரெண்டு சூனியக்காரிங்க வெளிச்சத்தை வீசிக்கிட்டாங்க, முடிஞ்சுது. என்ன ஆச்சு மேடம்?

ப: காதலன் விஷனை இழந்த துக்கத்தில் வாண்டா ஓர் ஊரையே ஹெக்ஸ் என்னும் மந்திரச் சுவருக்குள் அடைத்து, ஊராரைத் தன் கற்பனைக் குடும்பக் கதையில் நடிக்க வைக்கிறாள். அவளது சக்தியைப் பறிக்க வருபவள் சூனியக்காரி அகதா. இவர்களுக்குள் சண்டை வந்தது தவறில்லை, அந்தச் சண்டைக்கான விதிகளை ஒழுங்காகவே போட்டிருந்தார்கள். எட்டாவது எபிசோடில், 1693இல் சேலத்தில், தன்மேல் ஏவப்படும் மந்திரத்தை அகதா உறிஞ்சிக்கொள்வதைப் பார்க்கிறோம். சுவரில் ரூன் என்னும் மந்திர எழுத்துகளைப் பதித்த சூனியக்காரியின் மந்திரம் மட்டுமே அந்த இடத்தில் பலிக்கும் என்று அவளே சொல்கிறாள். ஒன்பதாவதில் வாண்டா குறி தவறி வீசுவதுபோல வீசிய ஒவ்வொன்றும் ஹெக்ஸ் சுவரில் ரூனாகப் பதிகிறது. அகதாவின் கை வெறுங்கையாகிறது. அருமையான முடிச்சு.

கெட்டது வேறு இடத்தில். வாண்டா–அகதா, வாண்டா உருவாக்கிய விஷனும் அரசு அமைப்பு மீண்டும் இயக்கிய வெள்ளை விஷனும், அந்த அமைப்பின் தலைவர் ஹேவர்டின் படை, ஊர்க்காரன் ரால்ஃப் வீட்டில் அடைபட்ட ஏஜென்ட் மோனிகா என்று நாலு பக்கம் கதை ஓடுகிறது. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் வாண்டாவின் துக்கம் பாதியில் நிற்கிறது. அகதாவின் முயல் அரக்கனாக மாறும் ஒரு காட்சியும் எடுத்து நீக்கப்பட்டதாக இயக்குநர் மாட் ஷாக்மன் பிறகு சொன்னார். விஞ்ஞானி டார்சியும் ஒரே ஒரு நொடி லாரியோடு வந்து மறைகிறாள்.

எட்டையும் ஒன்பதையும் ஒரே மூச்சில் பாருங்கள். இடையில் ஒரு வாரம் விட்டால் ரூன் விஷயம் மறந்தே போகும்.

கே: எக்ஸ்-மென் படத்து இவான் பீட்டர்ஸைக் கொண்டுவந்து வாண்டாவோட அண்ணனா நிறுத்திட்டு, கடைசியில சும்மா ஊர்க்காரன் ரால்ஃப் போனர்னு சொல்லிட்டாங்களே?

ப: உங்கள் கோபம் நியாயம். வாண்டாவின் கதைக்குத் தேவையானது ஒன்றுதான்: வாசலில் நிற்கும் அண்ணனின் முகம் தவறான முகமாக இருக்க வேண்டும். அதற்கு எந்த நடிகரும் போதும். எக்ஸ்-மென் படங்களை எடுத்த ஃபாக்ஸ் 2019இல்தான் மார்வலை வைத்திருக்கும் டிஸ்னி கைக்கு வந்தது. அந்த நேரத்தில் எக்ஸ்-மென்னில் குவிக்சில்வராக (காமிக்ஸில் வாண்டாவின் அண்ணன்) நடித்தவரையே ஐந்தாவது எபிசோட் முடிவில் நிறுத்தினால், இரண்டு உலகமும் சேரப்போகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். திரைக்கதை தராத வாக்கை நடிகர் தேர்வு தந்துவிட்டது.

கே: மெஃபிஸ்டோ ஏன் வரவில்லை?

ப: காமிக்ஸில் வாண்டாவின் இரட்டைப் பிள்ளைகள், சாத்தான் போன்ற வில்லனான மெஃபிஸ்டோவின் ஆன்மாத் துண்டுகள். அதை வைத்து ரசிகர்கள் கட்டிய கணக்கு அது. தொடரில் அவன் பெயரே வராது.

கே: டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்?

ப: மார்வலின் அந்த மந்திரவாதியும் திட்டத்தில் இருந்தார், நீக்கினார்கள். வாண்டாவின் கதையில் இன்னொருவர் வந்து பாடம் எடுக்காதது நல்லதே.

கே: அப்போ மெஃபிஸ்டோ அடுத்த சீசன்ல வருவாரா?

ப: மேலே படியுங்கள்.

கே: "நீ தியாகம் செய்தது இவங்களுக்குத் தெரியாது"ன்னு மோனிகா சொல்றதுல என்ன தப்பு மேடம்? பிள்ளைகளையே விட்டாளே.

ப: விட்டாள், ஹெக்ஸ் கலைந்தால் அவள் உருவாக்கிய பிள்ளைகளும் மறைந்துவிடுவார்கள். அவர்களைத் தூங்க வைக்கும் அந்தப் படுக்கையறைக் காட்சி தொடரிலேயே சிறந்தது. ஆனால் யாருக்கு முன்னால் சொல்கிறார் பாருங்கள். சற்று முன்புதான் ஒரு தாய், தன் மகளை அறையிலிருந்து வெளியே விடச் சொல்லிக் கெஞ்சினாள். எங்களைச் சாகவாவது விடு என்றார்கள். ராத்திரியில் வாண்டாவின் கெட்ட கனவுகள் இவர்களுக்கு வந்தன.

கே: ஊரே அவளை முறைச்சுப் பாக்குதே, அதுவே தண்டனைதானே? தெரியாம செஞ்சது வேற.

ப: தெரியாமல் தொடங்கினாள், சரி. ஆனால் ஐந்தாவது எபிசோடிலேயே ஹெக்ஸுக்கு வெளியே வந்து ஹேவர்டை மிரட்டிவிட்டுத் திரும்பிப் போகிறாள். முறைப்பைக் காட்டியது சரியான காட்சிதான். அதற்கு அடுத்த வசனமே அதைக் கெடுக்கிறது. "மன்னித்துவிடு" என்று வாண்டா சொல்வது மோனிகாவிடம். முறைத்து நிற்கும் ஊராரிடம் ஒரு சொல் இல்லை. தாயை இழந்த மோனிகா அவளைப் புரிந்துகொள்வது இயல்பு. ஆனால் மோனிகா ஊருக்காகவும் சேர்த்து மன்னிக்க முடியாது. அந்தத் தாயும் மகளும் சேர்வதை ஒரு நிமிடம் காட்டியிருந்தால், இந்த எபிசோட் எவ்வளவு சண்டையையும் தாங்கியிருக்கும்.

கே: மேடம், மெஃபிஸ்டோ...

ப: இல்லை.

கே: அகதா ஆல் அலாங் பற்றி?

ப: அகதாவை வைத்து வந்த 2024 தொடர். அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

கே: மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ் பார்க்கும் முன் எதைப் பார்க்கணும்?

ப: எட்டும் ஒன்பதும், சேர்த்து. பெயர்கள் ஓடும்போது நிறுத்தாதீர்கள். நடுவில் மோனிகாவுக்கு ஒரு காட்சி உண்டு. எல்லாம் ஓடி முடிந்தபின் மலைக் குடிசையில் வாண்டா. அவள் தேநீர் போடும்போதே இன்னொரு உருவமாக உள்ளே டார்க்ஹோல்ட் என்னும் தீய மந்திரநூலைப் படிக்கிறாள், பிள்ளைகளின் குரல் கேட்கிறது. மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ் என்ற 2022 டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் அவள் செய்வதெல்லாம் அந்தக் குரலைத் தேடித்தான்.