ஃபிளாட், டூப்ளெக்ஸ், ரோ ஹவுஸ், வில்லா: வேறுபாடு என்ன?

சென்னை வீட்டு விளம்பரங்களில் காணப்படும் இப்பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதே கேள்வி.

அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே தளத்தில் அடங்கிவிடும் வீடு ஃபிளாட். வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு வைத்து, கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறைகளுமாக இரு தளங்களில் விரியும் ஒரே வீடு டூப்ளெக்ஸ். பக்கச் சுவர்கள் ஒட்டியபடி வரிசையாக நிற்பவை ரோ ஹவுஸ்; நாற்புறமும் இடம் விட்டுத் தனியே நிற்பது வில்லா.

பெயரைவிட முக்கியமானது நிலம். ஒரே மனையின்மீது பல வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால், ஃபிளாட் வாங்குபவருக்கு மனையைத் துண்டாக அளந்து கொடுக்க இயலாது. ஆகவே கிரயப் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று இத்தனை சதுர அடி எழுதப்படுகிறது. அண்ணன் தம்பிகள் நால்வருக்குப் பொதுவான வயற்கிணற்றில் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு உண்டு, ஆனால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் யாருடையது என்று எவராலும் காட்ட முடியாது, இதுவும் அப்படித்தான். கட்டடம் பழையதாகி இடித்துக் கட்டும் நாளில் இந்தப் பாகமே பேசும் என்பதால், பத்திரத்தில் அந்த எண்ணை முதலில் பாருங்கள். மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்கிறது தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம்.

டூப்ளெக்ஸ் என்றாலே நிலம் தனிச்சொந்தம் என்று பலர் நம்புகின்றனர். அடுக்குமாடிக்குள் அமைந்த டூப்ளெக்ஸுக்கும் பிரிபடாத பாகம் மட்டுமே உண்டு.